உப்புக் கணக்கு

ஒரு கறுப்பு பனியனுக்குச் சாயம் ஏற்ற எவ்வளவு உப்பு வேண்டும்? வெளியூர்க்காரரைக் கேட்டால், சாயத்துக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மையே திருப்பிக் கேட்பார். திருப்பூர் சாயப்பட்டறையில் ஆறு மாதம் வேலை பார்த்தவர்கூட யோசிக்காமல் பதில் சொல்வார். அடர் நிறமாக இருந்தால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 60 கிராம். சில நிறங்களுக்கு 80 கிராம் வரை போகும். கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. நாம் உடுத்தும் கறுப்பும் நேவியும் மெரூனும் கடலைவிட உப்பான தண்ணீரில் முங்கி எழுந்து வந்தவை.

அந்த உப்பு எங்கே போனது, அதை யார் குடித்தார்கள், பிறகு அதை எப்படிப் பிடித்து மறுபடி தொட்டிக்குள் கொண்டுவந்தார்கள் என்பதைச் சொன்னாலே போதும். ஒரு தொழில் நகரம் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்ட கதை முழுதும் அதற்குள் அடங்கிவிடும். நீடித்து நிற்கும் பொருளாதாரம் என்ற பெரிய சொல்லுக்கு நொய்யல் கரையிலும் பொங்கலூர்ப் பக்கத்து மேட்டுக்காடுகளிலும் கண்ணால் பார்க்கக்கூடிய பொருள் இருக்கிறது.

உப்பு எதற்கு?

பருத்தி இழை என்பது செல்லுலோஸ். தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் லேசான எதிர்மின்னூட்டம் உண்டாகிறது. பருத்திக்கு இன்று பெரும்பாலும் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களும் தண்ணீரில் கரைந்தால் எதிர்மின்னூட்டம் கொண்டவையே. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அதனால் சாயம் துணியை நெருங்காமல் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அங்கேதான் உப்பு வருகிறது. கரைந்த உப்பிலிருந்து பிரியும் சோடியம் அயனிகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. அவை இழையின் மேல் திரைபோலப் படிந்து விலக்கு விசையைத் தணிக்கின்றன. சாயம் துணியை நெருங்கி உள்ளே புகுகிறது. பிறகு சோடா ஆஷ் போட்டுத் தொட்டியின் காரத்தன்மையை உயர்த்துவார்கள். பிஎச் அளவு 11ஐ ஒட்டி வரும். அந்த நிலையில் சாய மூலக்கூறு செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. எத்தனை முறை துவைத்தாலும் நிறம் போகாமல் இருப்பது இந்தப் பிணைப்பால்தான்.

இந்தக் கல்யாணத்தில் உப்பு வெறும் தரகர். இரண்டு வீட்டையும் சேர்த்துவைத்ததோடு அதன் வேலை முடிந்தது. துணியில் அது தங்குவதில்லை. போட்ட உப்பு கிட்டத்தட்ட முழுவதும் சாயத் தண்ணீரோடும், அடுத்தடுத்த அலசல் தண்ணீரோடும் வெளியேறிவிடுகிறது. சாயமும் முழுதாக ஒட்டுவதில்லை. ஒரு பகுதி துணியோடு சேர்வதற்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது. நூற்றுக்கு 20, 30 பங்கு இப்படிப் போவது சாதாரணம்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பனியனின் எடை 200 கிராம் என்று வைப்போம். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதைப் பட்டறைகளில் எம்.எல்.ஆர். என்பார்கள். பழைய விஞ்சு தொட்டிகளில் கிலோவுக்கு 12 லிட்டர், அதற்கு மேலும் ஆகும். 60 கிராம் கணக்கில் ஒரு பனியனுக்கு 144 கிராம் உப்பு. இன்றைய சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்களில் 6 லிட்டரே போதும். உப்பு 72 கிராமாகக் குறைகிறது. இயந்திரத்தை மாற்றியதிலேயே பாதி உப்பு மிச்சம். இப்படி வெளியேறிய உப்புதான் ஓர் ஆற்றைக் கொன்றது.

நொய்யல் குடித்தது

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரே கொண்ட நொய்யல் என்ற ஊரில் காவிரியில் சேர்கிறது. மழைக்காலத்தில் மட்டும் நிறைந்து ஓடும் சின்ன ஆறு. 1978 வாக்கில் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்ற வணிகரின் கொள்முதலோடு திருப்பூரின் ஏற்றுமதி தொடங்கியது என்பார்கள். 1980களிலும் 90களிலும் பனியன் தொழில் பாய்ச்சலாக வளர்ந்தது. சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. வெளிநாட்டில் அந்தப் பருவத்தில் எந்த நிறம் எடுபடுகிறது என்பதை ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

1992ல் சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாக மாறியது. அந்தத் தண்ணீரைப் பாசனத்துக்குத் திறந்துவிட வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணை கட்டித் தண்ணீர் தாருங்கள் என்று போராடுவது நம் ஊர் வழக்கம். கட்டிய அணையிலிருந்து தண்ணீர் விடாதீர்கள் என்று போராடியவர்கள் நொய்யல் விவசாயிகள்.

உப்புத் தண்ணீர் பயிரை என்ன செய்கிறது? வேர் தண்ணீரை உறிஞ்சுவது சவ்வூடு பரவலால். வேருக்குள் இருக்கும் சாற்றைவிட மண்ணில் உள்ள நீர் நீர்த்ததாக இருந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். மண் நீரில் உப்பு ஏற ஏற இந்த ஓட்டம் குறைகிறது. கண்முன்னே தண்ணீர் நிற்கிறது. செடி தாகத்தில் வாடுகிறது. இன்னொரு கேடும் உண்டு. சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துப் போட்டு, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஈரமானால் சேறு, காய்ந்தால் பாறை என்ற கதிக்கு நிலம் வந்துவிடும். கிணறுகளின் ஊற்றுக் கண்ணிலும் உப்பு ஏறியது. ஆற்றோரக் கிராமங்களில் மஞ்சளும் வாழையும் கைவிட்டுப் போயின. ஆடு மாடுகளுக்குக் காட்டக்கூட அந்தத் தண்ணீர் உதவவில்லை.

தன் காலடித் தண்ணீரைக் கெடுத்துக்கொண்ட திருப்பூரும் தண்ணீருக்கு அலைந்தது. சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக நல்ல தண்ணீர் பட்டறைகளுக்குப் போனது. விவசாயம் பார்ப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்றான ஊர்கள் இருந்தன. கடைசியில் பவானிக்கு அருகே காவிரியிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, நாளுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் 2005-06ல் செயல்பாட்டுக்கு வந்தது. தனியார் பங்களிப்போடு நாட்டில் நடந்த முதல் பெரிய தண்ணீர்த் திட்டங்களில் அது ஒன்று.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பது பழமொழி. நொய்யலில் நடந்தது வேறு. உப்பைத் தின்றவர்கள் ஒரு பக்கம், தண்ணீர் குடித்தவர்கள் இன்னொரு பக்கம். பனியன் விலையில் நூலுக்குக் காசு இருந்தது. தையலுக்கும் சாயத்துக்கும் கப்பலுக்கும் காசு இருந்தது. ஒரத்துப்பாளையத்து விவசாயியின் கிணற்றுக்குக் காசு இல்லை. பொருளின் விலையில் சேராமல் மூன்றாம் ஆளின் தலையில் விழும் இந்தச் செலவைப் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகு 1920ல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்தார். கெடுப்பவரிடமே அந்தச் செலவை வசூலித்தால் கெடுதல் தானாகக் குறையும் என்பது அவர் காட்டிய வழி.

லிட்டருக்கு 6 பைசா

அந்த வழியைத் தமிழ்நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் விவசாயிகளும் நீதிமன்றங்களும். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அதையொட்டி அமைந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் கரையில் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளை இழப்பீட்டுக்கு உரியவர்களாகக் கணக்கெடுத்தது.

இதற்கிடையே, 1990களின் பிற்பகுதியில், பட்டறைகள் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. அவை கழிவின் நிறத்தையும் அழுகும் பொருள்களையும் குறைத்தன. உப்பை ஒன்றும் செய்ய முடியவில்லை. நுண்ணுயிர்கள் சாயத்தையும் மாவுப் பசையையும் தின்னும், உப்பைத் தின்னாது. கரைந்த திடப்பொருள்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த எல்லை லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். வெளியேறிய தண்ணீரில் அதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. பார்க்கத் தெளிவாகவும் வாயில் வைக்க முடியாததாகவும் அது ஓடியது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2007 ஜூலை 31க்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10. ஆற்றில் கலக்கும் உரிமைக்கு முதல்முறையாக ஒரு விலை எழுதப்பட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

கெடு தாண்டியது, கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஊர் திகைத்துப் போனது. பின்னிய துணியைச் சாயமேற்ற வெளி மாநிலங்களுக்கு லாரியில் அனுப்பினார்கள். வேலையிழந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். சில பட்டறைகள் வேறு மாவட்டங்களில் போய் ரகசியமாக ஓட்டிப் பிடிபட்டன. ஆறு கெட்டபோது விவசாயி பட்ட பாட்டை, ஆற்றைக் காக்கும் நேரத்தில் தொழிலாளி பட்டார் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த நெருக்கடிதான் அதுவரை முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்றை முடித்துக் காட்டியது.

பத்தால் வகுத்து, பத்தால் பெருக்கி

ஒரு சொட்டும் வெளியே விடாமல் இருப்பது எப்படி? பட்டறையிலிருந்து வரும் கழிவு முதலில் பெரிய தொட்டியில் ஒன்றாகக் கலக்கிறது. அடுத்த தொட்டியில் நுண்ணுயிர்கள் காற்றூட்டத்தில் கரிமப் பொருள்களைத் தின்கின்றன. கசடு படிகிறது. மிச்ச நிறத்தை நீக்கி, மணலிலும் நுண் வடிகட்டிகளிலும் வடித்து, அடுத்து ஆர்.ஓ. சவ்வுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் கேன் தண்ணீர் வாங்குவோர் எல்லோருக்கும் தெரிந்த அதே ஆர்.ஓ.தான். வேர் எந்தச் சவ்வூடு பரவலால் தண்ணீர் குடிக்கிறதோ, அதை அழுத்தம் கொடுத்துப் பின்பக்கமாக ஓட்டுவது இது. தண்ணீர் சவ்வைத் தாண்டிப் போகும். உப்பு இந்தப் பக்கமே நிற்கும். பல கட்டங்களாக ஓட்டினால் 100 லிட்டரில் 85 முதல் 90 லிட்டர் வரை நல்ல தண்ணீராகத் திரும்பக் கிடைக்கும்.

மீதி 10 லிட்டர்தான் தலைவலி. 100 லிட்டரின் உப்பு முழுவதும் அதில் இருக்கிறது. அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கலாம் என்று தோன்றும். கொதிநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆயிரம் லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால் சுமார் 630 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீதம் ஓராண்டு முழுவதும் கிடைக்கும் இலவச மின்சாரம் 600 யூனிட். ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியை ஆவியாக்க அதற்கு மேல் செலவாகும். ஆர்.ஓ. முறையில் அதே அளவு தண்ணீரைப் பிரிக்கச் சில யூனிட்டுகளே போதும். முதலில் சவ்வு, கடைசியில் மட்டும் கொதிகலன் என்ற வரிசைக்கு இதுவே காரணம். ஆவியாக்கும் இடத்திலும் ஒரு நுட்பம் வந்தது. எழும்பும் நீராவியை அழுத்தி அதன் வெப்பநிலையைச் சில டிகிரி உயர்த்தி, அதே ஆவியைக் கொண்டே அடுத்த தண்ணீரைக் கொதிக்கவைப்பது. எம்.வி.ஆர். என்னும் இந்த இயந்திரத்துக்கு நேரடியாகக் காய்ச்சுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆற்றலே ஆகிறது.

இதைவிட அழகான விடை ஒரு எளிய கணக்கில் ஒளிந்திருந்தது. சாயத் தொட்டியில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு. அலசல் தண்ணீரெல்லாம் சேர்ந்து அது பத்து மடங்கு நீர்த்துப் போகிறது. கழிவில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம். ஆர்.ஓ. 90 பங்கு தண்ணீரை எடுத்துவிட்டால் மிச்சம் பத்து மடங்கு செறிவாகிறது. மறுபடி 60 கிராம். சாயம் போட வேண்டிய அதே உப்புத் தண்ணீர்! அதில் இருக்கும் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டால் ஆவியாக்கவே வேண்டாம். நேராக அடுத்த சாயத் தொட்டிக்குப் போகலாம். பல்லடம் சாலையில் உள்ள அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் இதைச் செய்து காட்டியது. தூக்கியெறிய இடமில்லாமல் தவித்த ரிஜெக்ட் தண்ணீர், உப்பு மூட்டை வாங்கும் செலவைக் குறைக்கும் சரக்காக மாறியது.

எந்த உப்பு என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. சோறு சமைக்கும் உப்பான சோடியம் குளோரைடு வெந்நீரிலும் குளிர்நீரிலும் ஏறக்குறைய ஒரே அளவு கரையும். சோடியம் சல்பேட் அப்படியல்ல. 32 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் 50 கிராம் வரை கரைவது, பனிக்கட்டி அளவுக்குக் குளிர்ந்தால் 5 கிராம்தான் கரையும். ஆகவே செறிந்த கரைசலைக் குளிர்வித்தால் சல்பேட் மட்டும் தூய படிகமாகத் தனியே விழுகிறது. அதுதான் கிளாபர் உப்பு. பட்டறைகள் சாதாரண உப்பிலிருந்து சல்பேட் உப்புக்கு மாறியதற்கு இந்தத் திரும்ப எடுக்கும் வசதி பெரிய காரணம். என்ன உப்பு வாங்குவது என்ற கொள்முதல் முடிவை, அதைக் கடைசியில் எப்படிப் பிடிப்பது என்ற கேள்வி தீர்மானித்தது. தொழில் முறை மாறுவது என்றால் இதுதான். கழிவு வந்த பிறகு தேடும் மருந்தாக இல்லாமல், பொருள் வாங்கும்போதே போடும் திட்டமாக அது மாற வேண்டும்.

மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தேர்வில் தேறித் திறந்தன. இன்று திருப்பூரில் 18 பொது சுத்திகரிப்பு நிலையங்களும், தனியே நிலையம் வைத்திருக்கும் பட்டறைகளும் இந்த முறையில் ஓடுகின்றன. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர், சாயத் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கை மறுபடி மறுபடி பயன்படுத்துகிறது.

பொங்கலூர்க் காற்று

ஆற்றைக் காக்க மின்சாரம் வேண்டும் என்று பார்த்தோம். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், ஆற்றில் கொட்டியதை வானத்தில் கொட்டியதாக ஆகும். இந்த இடத்தில்தான் பொங்கலூர் கதைக்குள் வருகிறது.

பல்லடத்திலிருந்து காங்கேயம் போகும் சாலையில் பொங்கலூர். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து (பி.ஏ.பி.) வாய்க்கால் பாயும் முறை வந்தால் பச்சை, இல்லையென்றால் மானாவாரி. தென்னை, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், கோழிப் பண்ணைகள். அவற்றுக்கு மேலே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள். ஆடி மாதத்தில் இங்கே வந்தால் நின்று பேச முடியாது. காற்று பேச்சை அடித்துக்கொண்டு போகும். மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக் கடல் காற்றை மதில் போலத் தடுத்து நிற்கிறது. பாலக்காட்டில் மட்டும் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைவதால் வேகம் கூடுகிறது. குறுகிய வாய்க்காலில் தண்ணீர் விரைவதைப்போல. அந்த வேகக் காற்றின் பாதையில் இருக்கின்றன பல்லடமும் பொங்கலூரும் உடுமலையும்.

காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. நொடிக்கு 6 மீட்டர் வேகம் 9 மீட்டரானால் மூன்று மடங்குக்கு மேல். வைகாசியிலிருந்து புரட்டாசி வரையிலான காற்றுக் காலமே ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது இதனால்தான். கொங்கு நாட்டு நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் 1990களிலிருந்தே சொந்தமாகக் காற்றாலை வாங்கி நிறுத்தின. வரிச் சலுகை அவர்களை இழுத்தது, மின்வெட்டு தள்ளியது. காற்றாலை பொங்கலூரில், ஆலை வேறு ஊரில். இடையில் மின்வாரியக் கம்பி. காற்றுக் காலத்தில் மிஞ்சிய மின்சாரத்தை வாரியக் கணக்கில் வரவு வைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உருவானது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. அதன் அடித்தளத்தில் இப்படிச் சொந்த உபயோகத்துக்காக முதலீடு செய்த ஜவுளிக்காரர்களின் பங்கு பெரியது.

நல்ல காற்றுள்ள இடங்களையெல்லாம் முதலில் வந்த சிறு காற்றாலைகள் பிடித்து நிற்கின்றன. 225, 250 கிலோவாட் திறன், 30 மீட்டர் உயரம். இன்றைய இயந்திரங்கள் நூறு மீட்டருக்கு மேல் எழுந்து, ஒன்றே 2,000 கிலோவாட்டுக்கு மேல் தருகின்றன. உயரப் போகப் போகக் காற்றும் வலுக்கும். பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியதை நிறுத்த 2024ல் தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. நிலத்தைப் புதிதாகக் கேட்காமல் மின்சாரத்தைப் பெருக்க இதைவிட நேரான வழி இல்லை.

வேஸ்ட் குடோன்

பனியன் வெட்டும் மேசையில் கழுத்துக்கும் கைக்கும் வளைவாக வெட்டும்போது ஓரத்தில் துண்டு விழும். நூறு கிலோ துணியில் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் இப்படிப் போகிறது. அந்தத் துண்டுகளைத் திருப்பூரில் யாரும் குப்பையில் போடுவதில்லை. கிலோ விலைக்கு வேஸ்ட் குடோனுக்குப் போகின்றன.

குடோனுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது நிறக் குன்றுகள். தரையில் உட்கார்ந்த பெண்கள் மூட்டையைக் கொட்டிக் கைவேகத்தில் பிரிக்கிறார்கள். கறுப்பு ஒரு பக்கம், நேவி ஒரு பக்கம், வெள்ளை தனியே, சாம்பல் மெலஞ்ச் தனியே. லேபிளும் எலாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்துப் போடுகிறார்கள். லைக்ரா கலந்த துணியை விரலால் இழுத்துப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். மறுசுழற்சியின் தரம் இந்த விரல்களில்தான் தொடங்குகிறது. இந்த வேலையை இவ்வளவு நம்பகமாகச் செய்ய இன்னும் எந்த இயந்திரமும் நம் குடோன்களுக்கு வரவில்லை.

பிரித்த துண்டுகளை முள் உருளைகள் கிழித்துப் பஞ்சாக்குகின்றன. கிழிபடும்போது இழை அறுந்து குட்டையாகிறது. 28 மில்லிமீட்டர் இருந்த பருத்தி இழை பாதிக்கும் குறைவாகிவிடலாம். வழக்கமான ரிங் ஸ்பின்னிங்கில் இத்தனை குட்டை இழையைப் பிடித்து முறுக்க முடியாது. ஓப்பன் எண்ட் எனப்படும் ஓ.இ. மில்களில் முடியும். பல்லடம், பொங்கலூர், மங்கலம், சோமனூர் வட்டாரங்களில் பரவியிருக்கும் இந்த மில்களில் ரோட்டார் என்ற சிறு கிண்ணம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றை ஒட்டிச் சுழல்கிறது. இழைகளைக் காற்று ஒவ்வொன்றாக அதற்குள் ஊதுகிறது. சுழற்சியின் விசையில் அவை கிண்ணத்தின் பள்ளத்தில் படிந்து, முறுக்கேறி, நூலாக வெளியே வருகின்றன. உறுதிக்கு, சீவும்போது கழியும் பஞ்சான கோம்பர் நாயிலோ பாலியஸ்டரோ கொஞ்சம் கலப்பார்கள். கரூரின் படுக்கை விரிப்புக்கும் சமையலறைத் துணிக்கும் இந்த நூல் போகிறது.

இதில் ஒரு பெரிய மிச்சம் மறைந்திருக்கிறது. நீலத் துண்டிலிருந்து நீல நூலே வருகிறது. மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயம் இல்லை என்றால் உப்பு இல்லை, அலசல் இல்லை, ஆர்.ஓ. இல்லை, ஆவியாக்கல் இல்லை. புதுப் பஞ்சும் வேண்டாம். ஒரு கிலோ பஞ்சு விளைய உலகச் சராசரியில், மழை நீரையும் சேர்த்து, சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் ஆகிறது. சுத்திகரிப்பு நிலையம் தண்ணீரைத் திரும்பக் கொடுக்கிறது. வேஸ்ட் குடோன் அந்தத் தண்ணீர் தேவையே இல்லாமல் செய்கிறது. இந்த இரண்டில் பின்னதற்கு இன்னும் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. குடோனில் நிறம் பிரிக்கும் பெண்களின் கூலியில் அந்த மதிப்பு தெரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தீராத பாக்கி

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. திரும்ப எடுக்க முடியாத கலப்பு உப்பு நிலையங்களின் கொட்டகைகளில் குவிந்து கிடக்கிறது. அதில் சல்பேட்டும் குளோரைடும் சாய மிச்சமும் கலந்திருப்பதால் பிரிப்பது கடினம். சுத்திகரிப்பில் படியும் கசடு சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளோடு சேர்த்து எரிக்கப் போகிறது. ஆனால் கலப்பு உப்புக்கு அப்படி ஒரு வழி இல்லை. பட்டறைக் கொதிகலன்கள் பெரும்பாலும் விறகில் எரிகின்றன. மழை பெய்யும் இரவில் கழிவைத் திறந்துவிடும் பழக்கம் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று ஆற்றோரத்துக்காரர் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். பல ஆண்டுகள் மண்ணுக்குள் இறங்கிய உப்பு, நல்ல மழைகள் பல வந்து கழுவினால்தான் போகும்.

செலவை யார் ஏற்பது என்பது இன்னும் பெரிய கேள்வி. சாயப்பட்டறைகள் பெரும்பாலும் ஜாப் ஒர்க் செய்பவை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுப்பவை. சுத்திகரிப்புச் செலவு அவர்கள் கூலியில் ஏறுகிறது. ஏற்றுமதியாளர் அதைத் தன் விலையில் ஏற்றினால் வெளிநாட்டு வாடிக்கையாளர் அடுத்த நாட்டைக் காட்டுகிறார். டாக்காவின் புரிகங்காவும் ஜாவாவின் சித்தாரமும் சாயக்கழிவைச் சுமந்து ஓடும் ஆறுகள். ஆற்றில் விடுபவருடைய பனியனும் ஆற்றைக் காப்பவருடைய பனியனும் கடை அலமாரியில் ஒரே விலைக்குத் தொங்கினால், நேர்மைதான் நஷ்டப்படும்.

இங்கே ஒரு மாற்றம் தொடங்கியிருக்கிறது. 2024 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், பொருள்களைச் சூழலுக்கு ஏற்ப வடிவமைக்கும் புதிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி துணிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வரவிருக்கிறது. அந்தப் பனியன் எதனால் ஆனது, எப்படி உருவானது என்ற விவரம் அதனுடனேயே பயணிக்கும். 2025 தொடக்கத்திலிருந்து அங்கே பழைய துணியைத் தனியாகச் சேகரிப்பதும் கட்டாயமாகியிருக்கிறது. திருப்பூர் பதினைந்து ஆண்டுகளாகச் செலவழித்துச் செய்த வேலை இனி ஏட்டில் எழுதிக் காட்டக்கூடிய தகுதியாகிறது. அந்தக் கணக்கைத் துல்லியமாக எழுதி வைப்பதும், சின்னப் பட்டறைகளுக்கு அதில் கைகொடுப்பதும் ஏற்றுமதியாளர் சங்கங்களின் அடுத்த கடமை.

திருப்பூர் தானாக முன்வந்து திருந்தவில்லை. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் விலை எழுதியது, பொறியாளர்கள் வழி கண்டார்கள், தொழில்முனைவோர் கடன் வாங்கிக் கட்டினார்கள். இந்த வரிசை முக்கியம். ஆற்றுக்கு விலை எழுதும்வரை தொழில்நுட்பத்துக்கு வேலை இருக்கவில்லை. இதைப் படிக்கும் மற்ற ஊர்க்காரர்கள், ராணிப்பேட்டையாகட்டும் ஈரோடாகட்டும், தங்கள் தொழிலின் எந்தச் செலவை யார் தலையில் இறக்கியிருக்கிறோம் என்று ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும்.

பனியன் வாங்குகிற நமக்கும் ஒரு பங்கு உண்டு. நன்றாக உழைக்கும் துணியாகப் பார்த்து வாங்கி, நெடுநாள் உடுத்தி, கிழிந்த பிறகு குப்பையில் கலக்காமல் தனியே கொடுத்தால் பல லிட்டர் தண்ணீர் மிஞ்சும். பத்து ரூபாய் மலிவு என்று கையில் எடுக்கும்போது, அந்தப் பத்து ரூபாயை வேறு யாரோ கொடுத்திருக்கிறாரா என்று யோசிக்கலாம். ஒரு பனியனுக்கு 72 கிராம் உப்பு. அதை ஆற்றில் விடாமல் பிடித்துத் திரும்பப் பயன்படுத்த ஓர் ஊர் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பனியனை உடுத்துகிற நாமும் உப்பைத் தின்றவர்களே. அதற்கான கூலியை மனமுவந்து கொடுப்போம்.